ஃபிரிட்ஜ் இல்லாத வீடு

அந்த வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது என்று ஊரெல்லாம் சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் மட்டும் சொல்ல மாட்டார்கள், சிரிப்பார்கள்.

வீட்டுக்காரருக்கு இயற்கையார் என்று பட்டம். சிமெண்டு கம்பெனி குடோனில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்த காலத்தில் அவருக்கு வேறு பெயர் இருந்தது. ஓய்வு பெற்ற கையோடு அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, காதை மறைக்கும் அளவுக்கு முடி வளர்த்து, ஆரோக்கியம் பேச ஆரம்பித்தார். பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், வங்கி ஊழியர் சங்கம் என்று எங்கே மைக் இருந்ததோ அங்கே இயற்கையும் இருந்தது. எல்லாக் கூட்டத்திலும் அவர் பேச்சு ஒரே இடத்தில்தான் உச்சத்துக்குப் போகும். "சவப்பெட்டிக்கும் ஃபிரிட்ஜுக்கும் என்ன வித்தியாசம்? சவப்பெட்டியில ஒருத்தரைத்தான் வெப்பாங்க. ஃபிரிட்ஜ்ல குடும்பத்தையே வெச்சிருக்கோம்!" கைதட்டல் அடங்கும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொல்வார்: "என் வீட்டுல அந்தப் பெட்டி இல்லை."

பொய்யென்று முழுசாகச் சொல்லிவிட முடியாது. முன்கட்டில் அது இல்லை. பின்கட்டில், தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில், அவருடைய செத்துப்போன தம்பியின் மனைவி சின்னவள் இருந்தாள். ஃபிரிட்ஜ் அவளோடு இருந்தது. பெண்டாட்டி கேக் போட்டு நாலு காசு பார்க்கட்டும் என்று தம்பி வாங்கி வைத்தது. வாங்கிய மறுவருஷம் அவன் லாரியில் அடிபட்டுப் போனான். அன்றிலிருந்து அந்தப் பெட்டிக்கு ஒரு விசித்திரமான சட்டம் நடைமுறைக்கு வந்தது. பெட்டி யாருடையது என்று கேட்டால் சின்னவளுடையது. மேல்கதவைத் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் பெரியவளுடையது. இயற்கையாரின் மனைவி பெரியவள் மேலே இருக்கிற ஃப்ரீசரில் கோழி வைப்பாள், ஐஸ்கிரீம் வைப்பாள், மாசத்துக்கு வேண்டிய இறைச்சி உருண்டைகளை வைப்பாள். கீழ்ப்பகுதியில் சின்னவளின் கிரீமும் வெண்ணெயும் முட்டையும். ஒரே பெட்டிக்குள் இரண்டு குடித்தனம்.

வெள்ளிக்கிழமை காலை சின்னவள் கீழ்க்கதவைத் திறந்தபோது முகத்தில் குளிர் அடிக்கவில்லை. மூடிக் கிடந்த அறையைத் திறந்த மாதிரி ஒரு புழுங்கிய மூச்சுதான் வந்தது. வெண்ணெயில் விரல் வைத்தாள். விரல் உள்ளே போனது. கிரீம் பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்தாள். தண்ணீர்ப் பை மாதிரி தளும்பியது.

வெளியே வெயில் தகரத்தை உருக்கிக்கொண்டிருந்தது. பஸ் நிறுத்தத்துப் பேக்கரிக்காரர் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கிரீம் கேக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். பிடித்தால் கண்ணாடி அலமாரியில் ஒரு தட்டை அவளுக்கென்று ஒதுக்கித் தருவதாகப் பேச்சு. அந்தத் தட்டு கிடைத்தால் தையல் கடை மாடியில் பார்த்து வைத்திருக்கும் அறைக்குப் போய்விடலாம். சொந்தக் கதவு, சொந்தத் தாழ்ப்பாள். யார் வீட்டு வெள்ளைப் பூண்டையும் யாருக்கும் உரித்துக் கொடுக்க வேண்டாம். இதைப் பற்றி அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அந்த வீட்டில் வாய் திறக்கும் உரிமை ஒருவருக்குத்தான்.

ஃபிரிட்ஜ் விஷயத்தை அவரிடமே போய்ச் சொன்னாள். இயற்கையார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சுப்பயிற்சி செய்துகொண்டிருந்தார்.

"மாமா, ஃபிரிட்ஜ்ல குளிர் நின்னுபோச்சு."

அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "எதுல?"

"ஃபிரிட்ஜ்ல."

"மெதுவாப் பேசும்மா. ஜன்னல் திறந்திருக்கு."

பெரியவள் அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள். "குளிரெல்லாம் நிக்கலீங்க. இப்பத்தான் பார்த்துட்டு வர்றேன். கோழி கல்லாட்டம் கிடக்கு. சுத்தியலே வேணும்."

"மேல இருக்குக்கா. கீழதான் இல்ல."

"கீழ எப்படி இருக்கும்? நாளுக்கு நூறு தடவை திறந்து திறந்து பார்த்தா? குளிர் என்ன கட்டிப் போட்ட மாடா, அங்கேயே நிக்க?"

"கேக் போடறவ திறக்காம எப்படிக்கா?"

"அப்ப அனுபவி. எங்க பக்கம் எந்தக் குறையும் இல்ல."

இயற்கையார் இன்னொரு கண்ணையும் திறந்தார். தீர்ப்பு சொல்லப்போகிறார் என்று அர்த்தம். "இத பாரும்மா. ஞாயித்துக்கிழமை நம்ம இயற்கை வட்டத்தோட கூட்டம் இருக்கு. வெளியூர்லேருந்து நூறு பேர் வர்றாங்க. இந்த நேரத்துல வாசல்ல 'ஃபிரிட்ஜ் ரிப்பேர்'னு எழுதின வண்டி வந்து நின்னா என்ன ஆகும்? ஒரு வாரம் போகட்டும். பார்க்கலாம்."

"ஞாயித்துக்கிழமை எனக்குக் கேக் குடுக்கணும் மாமா."

"கேக்குன்னா என்ன? மைதா, சர்க்கரை, கொழுப்பு. அது கெட்டுப்போனா நாட்டுக்கு நல்லதுதானே?" என்று சொல்லிவிட்டு, தன் நகைச்சுவையைத் தானே ரசித்து, மறுபடி மூச்சை இழுக்கத் தொடங்கினார்.

அந்த மூச்சை அவர் வெளியே விடுவதற்குள் சின்னவள் பின்கட்டுக்குப் போய் மெக்கானிக்குக்கு போன் போட்டுவிட்டாள். சனிக்கிழமை அவர் பள்ளிக்கூடம் ஒன்றில் பேசப் போகிறார் என்பதும், பேசப் போனால் பொழுது சாயும்முன் திரும்பியதில்லை என்பதும் அவள் கணக்கு. மைக்கை அவர் கையிலிருந்து பிடுங்கினால்தான் உண்டு.

மெக்கானிக்கை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவரே வைத்துக்கொண்ட பட்டம். கடைப் பலகையில் 'ஃபிரிட்ஜ் கிளினிக்' என்று எழுதி, இரண்டு பக்கமும் சிவப்பாய் கூட்டல் குறி போட்டிருந்தார். போனிலேயே, "கேஸ் போச்சு மேடம், கன்ஃபார்ம்" என்று வைத்தியம் சொல்லிவிட்டார். வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு சந்து வழியாக வரச் சொன்னதில், சனிக்கிழமை வந்து நின்றவருக்கு ரொம்ப வருத்தம்.

"என்ன மேடம், திருட்டுப் பிரசவத்துக்குக் கூப்பிடற மாதிரி கூப்பிடறீங்க?"

"சத்தம் போடாதீங்க. உள்ள வாங்க."

வந்தவர் முதலில் பெட்டியைச் சுற்றி வந்தார். நீள ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பெட்டியின் முதுகுக்குக் கீழே இருந்த கம்ப்ரஸரில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடினார். தகரக் கூரைக்குக் கீழே வியர்வை அவர் மூக்கு நுனியில் தொங்கியது.

"இதயம் துடிக்குது. நல்லாவே துடிக்குது."

"கேஸ் போச்சுன்னு சொன்னீங்களே?"

"போன்ல எல்லாப் பேஷண்டுக்கும் கேஸ்தான் மேடம். நேர்ல வந்தாத்தான் வியாதி தெரியும்." அவர் மேல்கதவைத் திறந்து கோழியை விரலால் தட்டினார். 'டக்' என்றது. "கேஸ் போயிருந்தா இது இப்படி இருக்காது. குளிர் உற்பத்தியாகுது. ஆனா கீழ வரல." கதவு ஓரத்தில் இருந்த சின்னப் பொத்தானை விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே காதைக் கொடுத்தார். "கதவு மூடியிருக்குன்னு இப்ப பெட்டி நினைச்சுக்கும். உள்ள ஃபேன் சுத்தணும். கேக்குதா?"

சின்னவளும் காதைக் கொடுத்தாள். கம்ப்ரஸர் கீழே முனகிக்கொண்டிருந்தது. மேலே காற்றும் இல்லை, சத்தமும் இல்லை.

"கேக்கல."

"எனக்கும் கேக்கல. விஷயம் இவ்வளவுதான் மேடம். குளிர் மொத்தமும் மேலதான், இந்தப் பலகைக்குப் பின்னாடி தயாராகுது. கீழ எதுவும் தயாராகறதில்ல. ஃபேன் ஊதினாத்தான் கீழ போகும். ஃபேன் மோட்டார் போச்சு. மேல இருக்கறவனுக்கு ஒண்ணும் தெரியாது. கீழ இருக்கறவன் வெந்து சாவான்."

"என்ன செய்யணும்?"

"மேல இருக்கறதையெல்லாம் வெளிய எடுக்கணும். பலகையைக் கழட்டணும்."

அந்தச் சமயத்தில்தான் பெரியவள் வாசற்படியில் வந்து நின்றாள். கோழியைத் தட்டிய சத்தம் அவளுக்கு முன்கட்டுவரை கேட்டிருக்க வேண்டும்.

"யாரைக் கேட்டு என் பக்கத்தைத் திறந்தீங்க?"

"அக்கா, ஃபேன் மேலதான் இருக்காம். காலி பண்ணினாத்தான்…"

"எதையும் காலி பண்ண வேண்டாம். உன் பக்கம் ரிப்பேர்னா உன் பக்கத்தைக் கழட்டச் சொல்லு."

டாக்டர் பெரியவளை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். எத்தனையோ வீட்டு வாசற்படிகளைப் பார்த்த மனிதர். குரலைத் தாழ்த்தி, ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே நின்று சொல்வதுபோலச் சொன்னார். "அம்மா, உங்க இஷ்டம். ஆனா கீழ குளிர் போகலைன்னு பெட்டி ஓயாம ஓடிட்டிருக்கு. இப்படியே ரெண்டு நாள் ஓடினா கம்ப்ரஸர் போயிடும். அப்புறம் மேலயும் தண்ணிதான்."

"மேலயா?"

"கோழி மிதக்கும்."

பெரியவளின் முகத்தில் நியாய உணர்ச்சி சட்டென்று பொங்கியது. "அடப் பாவமே! அப்ப சீக்கிரம் பாருங்களேன். பாவம், இவ வேற கேக் குடுக்கணும்ங்கறா. ரெண்டு நாளா சொல்லிட்டே இருக்கா, யார் கேக்கறாங்க இந்த வீட்டுல? அவர் வர்றதுக்குள்ள முடிச்சிடுங்க."

சாமான்கள் வெளியே வந்தன. சின்னவள் இரண்டு அண்டாக்களை முற்றத்து நிழலில் வைத்து, நனைத்த சாக்கை விரித்தாள். கோழி வந்தது. இறைச்சி உருண்டைகள் வந்தன. இரண்டு டப்பா ஐஸ்கிரீம் வந்தது. அதில் ஒன்றில் ஸ்பூன் நட்டுவைத்தபடியே உறைந்திருந்தது. சர்க்கரையே விஷம் என்று சொல்கிறவர் வீட்டில் அந்த ஸ்பூன் யாருடையது என்று டாக்டர் கேட்கவில்லை. கடைசியாக, பச்சையாக உறைந்த பாட்டில்கள் வரிசையாக வந்தன.

"இது என்ன மருந்து?"

"மூலிகைச் சாறு," என்றாள் பெரியவள், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

ஞாயிறுதோறும் கூட்டத்துக்கு வருகிறவர்களுக்குச் சின்னக் கிண்ணத்தில் கொடுப்பது அது. 'விடியற்காலையில் பறித்து விடியற்காலையில் அரைத்தது' என்று இயற்கையார் கையாலேயே கொடுப்பார். திங்கட்கிழமை சின்னவள் அரைப்பாள். ஆறு நாள் உறையும். ஞாயிறு விடியலில் உருகும். விடியற்காலை என்பது அந்த அளவுக்கு உண்மை. வாயகன்ற பாட்டிலில் கழுத்துவரை ஊற்ற வேண்டாம், உறையும்போது பொங்கும் என்று சின்னவள் பல தடவை சொல்லியிருக்கிறாள். "முக்கால் பாட்டில் வெச்சா பார்க்க அல்பமா இருக்குடி" என்று பெரியவள் வாய்வரை ஊற்றுவாள்.

டாக்டர் பிளக்கைப் பிடுங்கினார். தட்டுகளை உருவினார். பின்பலகையின் திருகுகளைக் கழற்றி ஒவ்வொன்றாக வாயில் வைத்துக்கொண்டார். பலகை வரவில்லை, பனி பிடித்துக்கொண்டிருந்தது. "மேடம், கொதிக்கற தண்ணி." சின்னவள் பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்து ஃப்ரீசருக்குள் வைத்து, கதவைச் சாத்தினாள். ஆவி கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்தது. மூன்றாம் பாத்திரத்துக்குப் பலகை விரிசல் சத்தத்தோடு விட்டுக்கொடுத்தது.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். வாயில் இருந்த திருகுகளைக் கையில் துப்பிக்கொண்டு சொன்னார்: "இந்தத் தொழில்ல எத்தனையோ பனி பார்த்திருக்கேன். பச்சைப் பனி இப்பத்தான் பார்க்கறேன்."

உள்ளே, குளிர்க்குழாய்களுக்கு மேலே, கைக்குள் அடங்குகிற அந்தச் சின்ன விசிறி பச்சைக் கட்டிக்குள் சிக்கிக் கிடந்தது. எந்த வாரத்திலோ ஒரு பாட்டில் விரிசல் விட்டு, கரண்டு போன நேரத்தில் உருகி வழிந்து, பலகை இடுக்கில் இறங்கி, கரண்டு வந்ததும் விசிறியைப் பிடித்து உறைந்திருக்கிறது. மோட்டார் சுற்றப் பார்த்திருக்கிறது. சாறு விடவில்லை. முக்கி முக்கி உள்ளுக்குள்ளேயே எரிந்துவிட்டது.

"அரைக்கறப்பவே நினைச்சேன். வழுவழுன்னு இருக்கேன்னு," என்றாள் பெரியவள். சாற்றின் குற்றம் அரைத்தவள் கணக்கில் போய்ச் சேர்ந்தது.

சின்னவள் துணியை வெந்நீரில் நனைத்து விசிறி இறக்கைகளைச் சுற்றிப் பச்சையைக் கரைத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் ஒயர் முடிச்சைப் பிரித்து மோட்டாரைக் கழற்றி, இறக்கையைப் பதமாக உருவி எடுத்தார். தண்டைத் திருகிப் பார்த்தார், அசையவில்லை. மீட்டரின் ஒயர் முனைகளை வைத்தார். முள் படுத்தே கிடந்தது. மூக்கில் வைத்துப் பார்த்தார். "கருகின வாசனை. போஸ்ட்மார்ட்டம் முடிஞ்சுது." பழசைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு, இதே அளவுத் தண்டு, இதே கரண்டு, இதே பக்கம் சுற்றுகிற மோட்டார் வேண்டும் என்று முனகியபடி உதிரிபாகக் கடைக்குப் போனார்.

அவர் திரும்பி வரும்வரை சின்னவள் அண்டாக்களை நிழல் நகர நகர நகர்த்திக்கொண்டிருந்தாள். சாக்கில் தண்ணீர் தெளித்தாள். கோழி வியர்க்கத் தொடங்கியிருந்தது. பெரியவள் ஐஸ்கிரீம் வீணாகிவிடக் கூடாதே என்ற பொறுப்புணர்ச்சியில் நட்டுவைத்த ஸ்பூனை அசைத்துப் பார்த்து, அது அசைந்ததும் கடமையைச் செய்தாள்.

புது மோட்டார் வந்தது. டாக்டர் ரப்பர் வளையங்களைப் பழசிலிருந்து மாற்றி மாட்டினார். "இது இல்லைன்னா ராத்திரி பூரா குறட்டை விடும்." இறக்கையின் எந்த முகம் முன்னால் என்று இரண்டு முறை பார்த்து அழுத்தினார். "திருப்பி மாட்டினா குளிரை மேலேயே சுத்தவிட்டுட்டு இருக்கும். அப்படி மாட்டிட்டு, கம்ப்ரஸரை மாத்தினவங்களையெல்லாம் பார்த்திருக்கேன். பேர் சொல்ல மாட்டேன். பக்கத்துத் தெரு கடைதான்." ஒயரைச் செருகினார். பிளக்கைப் போட்டார். பொத்தானை அமுக்கினார்.

விர்ரென்றது.

சின்னவள் உள்ளே கையை நீட்டினாள். காற்று அவள் விரல் இடுக்குகளில் போனது. கீழ்க்கதவைத் திறந்து, காற்று இறங்கும் துளைக்கு நேரே ஒரு காகிதத்தைப் பிடித்தாள். காகிதம் படபடத்தது. புருஷன் போன பிறகு அந்தத் தகரக் கூரைக்குக் கீழே அவள் பல் தெரியச் சிரித்தது அப்போதுதான்.

"கீழ நாலு மணி நேரம் திறக்காதீங்க மேடம். அப்புறம் கிரீமை வெச்சு அடிங்க, மலையாட்டம் நிக்கும்."

அவள் புதுக் கிரீம் பொட்டலத்தையும், அடிக்கிற கிண்ணத்தையும் கீழே வைத்துக் கதவை மூடினாள். பெட்டியை ஈரம் துடைக்க வாசற்படிவரை இழுத்து வைத்திருந்தார்கள். அண்டாக்கள் முற்றத்தில். டாக்டர் கழற்றிய பலகையின் பச்சைக் கறையைக் கழுவிக்கொண்டிருந்தார். அதைத் திரும்ப மாட்டினால் வேலை முடிந்தது.

முன்கட்டில் குரல்கள் கேட்டன.

பள்ளிக்கூடத்தில் கரண்டு போய்விட்டது. மைக் இல்லாமல் இயற்கையார் பேசுவதில்லை. கூட்டம் கலைந்துபோக, ஆரோக்கியப் பத்திரிகை நடத்துகிற ஒருவரும், வட்டத்தின் செயலாளர் அம்மாவும், கூடவே ஏழெட்டுப் பேரும், "ஃபிரிட்ஜ் இல்லாத சமையலறையைப் பார்க்கணும், மூலிகைத் தொட்டிகளையும் பார்க்கணும்" என்று கேட்க, அவரும் பெருமையாக அழைத்து வந்துவிட்டார். சமையலறை பார்த்தாயிற்று. மூலிகைத் தொட்டிகள் பின்முற்றத்தில் இருந்தன.

"வாங்க, வாங்க. பின்னாடி வாங்க. எல்லாம் நம்ம கையால வெச்சது," என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றார். அவருக்குப் பின்னால் இயற்கை வட்டமும் நின்றது.

ஃபிரிட்ஜ் வாசற்படியில், இரண்டு கதவும் மூடி, கல்யாணப் பெண் மாதிரி நின்றது. பக்கத்தில் கோழி. அதற்குப் பக்கத்தில் ஸ்பூன் கையோடு பெரியவள். ஸ்பூனை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானைக்குள் வைத்தாள்.

பெட்டி மட்டும் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே செத்திருப்பார்கள். இயற்கையார் கண்ணை மூடினார். கைதட்டலுக்காக மூடுகிற அதே மூடல். திறந்தபோது அவருக்குக் குரல் கிடைத்துவிட்டது.

"இதைக் காட்டத்தான் உங்களைக் கூட்டிட்டு வந்தேன்."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"இது என் தம்பியோட பெட்டி. அவன் வாங்கினான். நான் தடுத்தேன். கேக்கல. இன்னிக்கு அவன் எங்கே?" குரல் தழுதழுத்தது. செயலாளர் அம்மா உச்சுக் கொட்டினாள். லாரி என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை. "இவ அவன் மனைவி. இத்தனை வருஷமா நான் ஒரு வார்த்தை வற்புறுத்தல. மனசு தானா மாறணும். இன்னிக்கு மாறியிருக்கு. உள்ளே இருந்த நஞ்சையெல்லாம் அவளே, தன் கையாலேயே வெளியே எடுத்துப் போட்டிருக்கா பாருங்க!"

ஏழெட்டுப் பேரும் கோழியைப் பார்த்தார்கள். கோழியை அவ்வளவு வெறுப்போடு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"மாமா," என்றாள் சின்னவள். "என்ன சொல்றீங்க? நான் ரிப்பேர் பண்ண…"

"சொல்லும்மா. நீயே சொல்லு. எல்லாருக்கும் கேக்கட்டும்." பக்கத்தில் வந்து தலையில் கை வைத்தார். ஆசீர்வாதம் மாதிரிதான் இருந்தது. உதடு அசையாமல் சொன்னார்: "தலைக்கு மேல இருக்கற கூரை யாருதுன்னு பார்த்துப் பேசு."

ஆனாலும் அவள் பேசினாள். "இது என்னோட பெட்டிங்க. கேக் போடறதுக்கு வேணும். கெட்டுப்போகல. இப்பத்தான் மோட்டார் மாத்தினோம். நல்லா ஓடுது."

பத்திரிகைக்காரர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "கேட்டீங்களா? நல்லா ஓடற பெட்டி! கெட்டுப்போனதைத் தூக்கிப் போட யாராலயும் முடியும். புது மோட்டார் போட்டுக் குடுக்கறாங்க பாருங்க, இதுதான் துறவு!"

கைதட்டல் எழுந்தது. தகரக் கூரையில் பட்டு இரண்டு மடங்காகக் கேட்டது.

"நான் குடுக்கறேன்னு சொல்லவே இல்லைங்க."

செயலாளர் அம்மா ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். கண்ணில் நீர். "சொல்லித்தான் தெரியணுமா கண்ணு? முகத்துலயே எழுதியிருக்கே." சின்னவள் அழத் தொடங்கியிருந்தாள். பத்திரிகைக்காரர் அந்த அழுகையைத்தான் படம் எடுத்தார். பெட்டி, அழுகை, தோளில் இயற்கையாரின் கை. மூன்றும் ஒரே படத்தில் விழுந்தன.

"இந்தப் பெட்டியை இனிமே ஒரு குடும்பமும் பயன்படுத்தக் கூடாது," என்றார் இயற்கையார் டாக்டரைப் பார்த்து. "தம்பி, எடுத்துட்டுப் போய் உடைச்சிடுங்க."

டாக்டர் ஒரு நிமிஷம் யோசித்தார். அந்த நிமிஷத்துக்குள் அவர் முகம் பக்தியாக மாறியது. "உடைச்சிடறேங்க. எனக்கும் ரொம்ப நாளா இந்தத் தொழில்ல மனசு ஒட்டல." பலகையை எடுத்து நாலு திருகையும் இறுக்கி மாட்டினார். உடைக்கப்போகிற பெட்டிக்கு அவ்வளவு இறுக்கமாகத் திருகு எதற்கு என்று கேட்க அங்கே ஆளில்லை. கீழ்க்கதவைத் திறந்து கிரீமையும் கிண்ணத்தையும் எடுத்துச் சின்னவள் கையில் கொடுத்தார். கிண்ணம் இலேசாகச் சில்லிட்டிருந்தது.

வட்டத்து ஆண்கள் நாலு பேர் தோள் கொடுத்தார்கள். "சாய்க்காதீங்க, நிமிர்த்தித் தூக்குங்க, புது மோட்டார்" என்று டாக்டர் பின்னால் கத்திக்கொண்டே போனார்.

சின்னவள் தெருமுனைவரை ஓடினாள். வண்டிக்குள் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தவரின் கையைப் பிடித்தாள். "அண்ணே, உங்களுக்கு எல்லாம் தெரியும். திருப்பிக் குடுத்துடுங்க. வேற எங்கயாவது வெச்சுக்கறேன்."

"எனக்குத் தெரியும் மேடம். எனக்கு மட்டும் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? இத்தனை பேர் பார்த்துட்டாங்க, போட்டோ வேற. நாளைக்கு நான் உங்களுக்கே குடுத்தேன்னு தெரிஞ்சா என் கிளினிக்கை மூட வேண்டியதுதான்." கயிற்றை இன்னொரு முடிச்சுப் போட்டார். "கவலைப்படாதீங்க. நல்ல இடமாப் பார்த்து அனுப்பறேன். மோட்டார் காசு வேண்டாம் மேடம், உங்களுக்காக விட்டுட்டேன்."

வண்டி போனது.

அன்று சாயங்காலம் பெரியவள் பின்கட்டுக்கு வந்தாள். கையில் அண்டா. "எல்லாம் உருகிடுச்சுடி. வெச்சா நாறும். வந்து கொஞ்சம் கை குடு. மொத்தத்தையும் இப்பவே சமைச்சிடலாம்." சின்னவள் கோழியை வெட்டினாள். இறைச்சி உருண்டைகளைப் பொரித்தாள். இயற்கையார் முன்கட்டுக் கதவைத் தாழிட்டுவிட்டு உட்கார்ந்து, கடைசி எலும்புவரை சாப்பிட்டார். கையைக் கழுவிக்கொண்டே மனைவியிடம் சொன்னார்: "மாடியில நம்ம ரூம்ல வெக்கற மாதிரி சின்னதா ஒண்ணு வருதாமே, விசாரிக்கணும். சத்தமில்லாத ரகமா இருக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை காலை, முன்கட்டில் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தபோது சின்னவள் வெளியே கிளம்பினாள். கிரீம் விடியுமுன்பே புளித்துவிட்டது. மேலே எதுவும் பூசாத வெறும் கேக்கைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பேக்கரிக்குப் போனாள்.

"வாங்க, வாங்க. உட்காருங்க," என்றார் பேக்கரிக்காரர். ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டுக்கொண்டார். கண்ணைச் சுருக்கினார். "நல்ல கை உங்களுக்கு. பஞ்சு மாதிரி இருக்கு. கிரீம் எங்கங்க?"

"ஃபிரிட்ஜ் போயிடுச்சுங்க."

"பார்த்தேனே!" அவர் போனை எடுத்துக் காட்டினார். வட்டத்துக் குழுவில் வந்த படம். அவள் அழுதுகொண்டிருந்தாள். கீழே 'பெட்டியைத் துறந்த பெண்மணி' என்று போட்டிருந்தது. "என் சம்சாரம்கூடப் பார்த்துட்டு ரொம்ப உருகிட்டா. பெரிய மனசுங்க உங்களுக்கு. ஆனா பாருங்க, பெட்டி இல்லாம நீங்க எப்படிக் கேக் சப்ளை பண்ணுவீங்க? வெயில் வேற இந்தப் போடு போடுது. தட்டு ஒதுக்கறதெல்லாம் சரிப்படாது."

"அது வந்துங்க, நான் குடுக்கல. அவங்களா…"

"அடக்கம் இருக்க வேண்டியதுதான்," என்று அவர் கையை அசைத்தார். "ஒண்ணு செய்யலாம். என் கிச்சன்ல ஒரு ஆள் நின்னுட்டான். நீங்க வேணா இங்கயே வந்து போட்டுக் குடுங்க. சாமானெல்லாம் என்னுது. கேக்குக்கும் கடைப் பேர்தான். ஆனா ஒரு விஷயம்: உள்ள பெரிய கோல்ட் ரூம் இருக்கு, ரெண்டு ஃபிரிட்ஜ் இருக்கு. உங்க கொள்கைக்கு ஒத்துக்குமா? அப்புறம் பாதியில விட்டுட்டுப் போகக் கூடாது."

தையல் கடை மாடி அறையின் ஜன்னல் அங்கிருந்தே தெரிந்தது. யாரோ அதில் புதிதாகத் திரை போட்டிருந்தார்கள்.

"ஒத்துக்கும்ங்க."

"எப்ப வர்றீங்க?"

"இப்பவே வர்றேன்."

அவர் உள்ளே கூட்டிக்கொண்டு போனார். மாவு மூட்டைகள், எண்ணெய் படிந்த சுவர், புகைந்த பல்பு. கோல்ட் ரூமின் கனத்த கதவை அவளே இழுத்துத் திறந்தாள். உள்ளே கூரை ஓரத்தில் பெரிய விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவள் கிரீமை எடுத்தாள். கட்டியாக, சில்லென்று, கைக்குக் கனமாக இருந்தது. எடுத்தவள் அந்த வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டாள்.

"என்ன வேடிக்கை பார்க்கற? கதவை மூடு," என்றார் பேக்கரிக்காரர் பின்னாலிருந்து. "குளிரெல்லாம் வெளிய போகுது பாரு."

அவள் மூடினாள்.